ஒரு விரல் இடைவெளி

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இன்று வேலை இல்லை என்று பெயர்தான். காலை ஏழரைக்கே சைட்டில் இருக்கச் சொல்லிவிட்டார் வரதராஜன் சார். ஒரகடம் பக்கத்தில் எழும்பும் இந்த மருந்துக் கிடங்குக்கு அவர்தான் திட்ட மேலாளர்.

புது நோட்டு என்பதால் முதலிலிருந்தே எழுதி வைக்கிறேன். நான் ஸ்கேன் எஞ்சினியர். கட்டி முடித்த தளமும் சுவரும் கணினியில் இருக்கும் மாடலோடு ஒத்துப்போகிறதா என்று லேசர் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பது என் வேலை. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் இருந்தால் திரையில் பச்சை. தாண்டினால் மஞ்சள், அதையும் தாண்டினால் சிவப்பு. இந்தத் தளத்தின்மேல் பன்னிரண்டு மீட்டர் உயர ரேக்குகள் நிற்கும், நடுவில் ஆளில்லாத வண்டிகள் ஓடும். கீழே கொஞ்சம் சாய்ந்தாலும் மேலே வண்டி ரேக்கில் இடிக்கும். அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. என் தகுதிகாண் காலம் இம்மாதம் முப்பத்தொன்றில் முடிகிறது. அதனால் எனக்கும் கெடுபிடிதான்.

ஸ்கேனரைத் துடைத்து முக்காலிக்கு மாலை போட்டேன். தூண்களில் ஒட்டியிருக்கும் ஆறு டார்கெட் தாள்களையும் ஈரத்துணியால் துடைத்தேன். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தாள்கள். அவற்றைப் பார்த்துத்தான் ஸ்கேனர், தான் எங்கே எந்த உயரத்தில் நிற்கிறோம் என்று கணக்குப் போடும். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். தாளில் பட்டால் ஸ்கேனர் குழம்புமே என்று, தாளுக்குக் கீழே தூணில், சரியாக ஒரு விரல் இடம் விட்டு வைத்தேன்.

“பொட்டு வைக்கதுக்குமா மேடம் அளவு?” என்று ராயப்பன் சிரித்தார். தளம் போடும் குழுவின் மேஸ்திரி. தூத்துக்குடிப் பக்கம். எனக்குக் கோவில்பட்டி என்று தெரிந்ததிலிருந்து வம்பிழுக்காமல் போகமாட்டார். காங்கிரீட் இறுகும்போது மேலே சுற்றித் தேய்க்கும் மெஷினுக்கு சைட்டில் ஹெலிகாப்டர் என்று பெயர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஹெலிகாப்டருக்கு என் ஸ்கேனர் மாலையைவிடப் பெரிய மாலையாகப் போட்டிருந்தார்.

துடைக்கும்போது நாலாம் நம்பர் தாள் ஈரத்தில் கையோடு வந்துவிட்டது. டேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் அதற்குப் பொட்டு வைத்தேன். பொரி மொறுமொறுப்பாக இருந்தது. சுண்டலில் உப்பே இல்லை.

சைட் பதிவேட்டில்: ‘டார்கெட்டுகள் சுத்தம் செய்யப்பட்டன. மாற்றம் எதுவும் இல்லை.’


அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. துணி துவைத்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகப் பதினேழாம் தேதி ரயில், காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்திரண்டு.


அக்டோபர் 4, சனி

பி பகுதியை ஸ்கேன் செய்தேன். ராயப்பன் ஆட்கள் போன வாரம் போட்டு முடித்த தளம், நாற்பது மீட்டர் நீளம். பார்க்க வழவழவென்று இருக்கிறது. பார்வைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகத்தானே ஸ்கேனர்.

ரேக் இரும்பை அதற்குள் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். ஆறு டார்கெட்டில் மூன்றுதான் கண்ணில் படுகிறது. கிழக்கே ஒன்றும் இரண்டும், மேற்குக் கோடியில் நாலும். மூன்று இருந்தால் போதும், தவறில்லை. ஸ்கேனருக்குள் ஒரு மட்டக்கருவி உண்டு. லாரியில் குலுங்கியதிலிருந்து அது ஏறுக்குமாறாகக் காட்டுவதால் அணைத்து வைத்திருக்கிறோம். தீபாவளி கழிந்துதான் சர்வீஸ்.

புது ஷூ கடிக்கிறது.


அக்டோபர் 6, திங்கள்

சிவப்பு!

கிழக்கில் பச்சையாகத் தொடங்கி, நடுவில் மஞ்சளாகி, கடைசிப் பன்னிரண்டு மீட்டர் ரத்தச் சிவப்பு. மேற்குக் கோடியில் தளம் பதினான்கு மில்லி உயர்ந்து நிற்கிறது. இரண்டு முறை ஓட்டினேன், அதே கணக்குதான். மூன்று டார்கெட்டும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்துகின்றன, மென்பொருள் ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை.

உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. இந்த ஐந்து மாதத்தில் எல்லாம் பச்சை, பச்சை, பச்சை. ‘இதுக்கு எதுக்கு ஒரு எஞ்சினியர்’ என்று ஒரு நாள் சாரே கேட்டிருக்கிறார். இன்று அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “சபாஷ் இசக்கி, கண்டுபுடிச்சிட்டியே” என்றார். பத்து நிமிடத்தில் அறிக்கையைக் கிடங்குக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார். கீழே என் கையெழுத்து.


அக்டோபர் 7, செவ்வாய்

ராயப்பன் அலுவலக அறைக்குள் செருப்போடு வந்தார். எப்போதும் வாசலில் கழற்றிவிட்டு வருகிறவர்.

“எங்கன செவப்பு? காட்டுங்க.”

திரையைத் திருப்பிக் காட்டினேன். பார்த்தார். “இது டி.வி. மேடம். நான் தளத்தக் கேக்கேன். தளத்துல எங்கன செவப்பு?”

சாரையும் சேர்த்து மூன்று பேருமாகப் போனோம். அவர் கையோடு தண்ணீர் டியூப் கொண்டுவந்திருந்தார். உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பார்ப்பது. கிழக்கே அவர் குழுவில் ஒரு ஆள், மேற்கே இவர். வித்தியாசம் இல்லை என்றார். குனிந்து நானும் பார்த்தேன். இல்லைதான்.

“டியூபுல காத்துக்குமிழி இருந்திருக்கும்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “பதினாறு வருசமா தளம் போடுதேன். குமிழி இருக்கா இல்லியான்னு பாக்கத் தெரியாதா எனக்கு?”

சார் இடையில் வந்தார். “ராயப்பா, ஒப்பந்தத்துல ஸ்கேன்னு போட்டிருக்கு. டியூப்னு போடல. பச்சையா சிவப்பா, அது மட்டுந்தான் பேச்சு.”

குமிழி இருந்திருக்கலாம். இருக்க வாய்ப்பே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.


அக்டோபர் 8, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. மேற்குப் பக்கம் இன்று எனக்கு வேலை இல்லை. போகவில்லை.


அக்டோபர் 9, வியாழன்

முடிவு வந்துவிட்டது. மேற்கே பன்னிரண்டு மீட்டர் தளத்தையும் உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். தேய்த்துக் குறைக்கலாமா என்று கேட்டார்கள். தேய்த்தால் மேலே இறுகிய தோல் போய், வண்டி ஓடத் தூளாகும். அதனால் உடைப்புதான். பதினாறாம் தேதி காலை எட்டு மணிக்கு.

புதுத் தளம் வேறு குழு போடும். ராயப்பன் குழுவைக் கம்பெனியின் எந்த சைட்டிலும் இனிமேல் சேர்க்கக் கூடாது என்று சார் மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். எனக்கும் ஒரு நகல் வந்தது. பெயரைத் தவறாக ‘ராயப்பா’ என்றே அடித்திருந்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கும் தனியாக ஒன்று. ‘நுணுக்கமான பணிக்குப் பாராட்டுகள்.’ ஐந்து மாதமாக இதற்காகத்தான் காத்துக் கிடந்தேன். படித்ததும் மூடிவிட்டேன்.


அக்டோபர் 11, சனி

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மேற்குக் கோடிக்குப் போனேன். சும்மாதான்.

நாலாம் தாளுக்கு மேலே தூணில் ஒரு கீற்று வெளுப்பாக இருக்கிறது. தாளின் அகலம். உயரம் ஒரு விரலுக்குக் கொஞ்சம் குறைவு. மற்ற இடமெல்லாம் சிமெண்டுத் தூசி, அங்கே மட்டும் இல்லை. தூண் வார்க்கும்போதே அப்படி வந்திருக்கும். தூண்களில் இந்த மாதிரி ஆயிரம் கறை. எதற்கு இதைப் போய் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஹாஸ்டலில் மோட்டார் கெட்டுவிட்டது. வாளியில் தண்ணீர் தூக்கினேன்.


அக்டோபர் 13, திங்கள்

மழை. மேற்கு வாசலுக்கு இன்னும் ஷட்டர் போடவில்லை. காற்றோடு சாரல் உள்ளே அடித்து, பி பகுதி முழுக்கத் தண்ணீர்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கு பதினான்கு மில்லி உயரம் என்றால் தண்ணீர் கிழக்கே ஓட வேண்டும். ஓடவில்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், விழுந்த இடத்திலேயே மெல்லிசாக நின்றது. கூரையின் கம்பிகள் அதில் தலைகீழாக, வளையாமல் நெளியாமல் தெரிந்தன. அவ்வளவு நேர்த்தியான தளத்தை நான் பார்த்ததே இல்லை.

ராயப்பனும் தூரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போய்விட்டார்.


அக்டோபர் 14, செவ்வாய்

சாரிடம் போய், இன்னொரு முறை ஸ்கேன் செய்துவிடலாமா என்று கேட்டேன்.

“ஏன்?”

“சும்மா, ஒரு உறுதிக்கு சார்.”

“அறிக்கை போயாச்சு, உடைக்க பிரேக்கர் மெஷின் வாடகைக்குச் சொல்லியாச்சு. இப்ப வந்து உறுதிக்குன்னா? சந்தேகம் எதுமேல? மெஷின்மேலயா, உன்மேலயா?”

வாய் திறந்தேன். “மெஷின்மேலதான் சார். உள்மட்டம் கெட்டிருக்கில்ல.”

“அதைத்தான் ஆஃப் பண்ணி வச்சிருக்கோமே. போ, போய் வேலையப் பாரு. முப்பத்தொண்ணு முடியட்டும், அப்புறம் சந்தேகப்படலாம்.”

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் திரும்பி வந்துவிட்டேன்.


அக்டோபர் 15, புதன்

காலையில் முதல் ஆளாகப் போனேன். நாலாம் தாளைப் பிரித்தேன். உள்ளே தூணில், சர்வே ஆட்கள் முதலில் போட்ட பென்சில் கூட்டல் குறி இருக்கிறது. தாளின் நடுப்புள்ளி அதன்மேல் உட்கார வேண்டும். உட்காரவில்லை. ஸ்கேல் வைத்தேன்.

கொஞ்சம் இறங்கியிருந்தது. தூக்கிச் சரியான இடத்தில் ஒட்டினேன். மேலே இருந்த வெளுப்புக் கீற்றும் தாளுக்குள் மறைந்துவிட்டது. இப்போது யார் வந்து ஸ்கேன் செய்தாலும் சரியாக வரும். யாராவது செய்யச் சொன்னால்.

மறுபடியும் சாரிடம் போனேன். உள்மட்டம், லாரி, குலுங்கல் என்று அதையே வேறு மாதிரி சொன்னேன். போன் பேசிக்கொண்டே கையை ஆட்டிப் போகச் சொன்னார். நாளை எட்டு மணிக்கு உடைப்பு.

எவ்வளவு இறங்கியிருந்தது என்று எழுதவில்லை. எழுதாவிட்டால் மட்டும் மாறிவிடுமா? பதினான்கு.


அக்டோபர் 16, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு பிரேக்கர் இறங்கியது. உடைக்க வேறு ஆட்களைத்தான் சார் வரச்சொல்லியிருந்தார். ராயப்பன் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். “நான் போட்டத நானே ஒடைக்கேன். வேற எவனும் இதுமேல கை வைக்கக் கூடாது.” சார் தோளைக் குலுக்கினார்.

கட்டருக்கு எண்ணெய் போட்டு, தளத்தைச் சதுரம் சதுரமாகக் கீறி முடிக்கவே எட்டே முக்கால் ஆகிவிட்டது. முதல் சதுரம் நாலாம் தூணுக்கு அடியில். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு பிரேக்கரைப் பிடித்தார். நான் மாடியில் அலுவலக அறை ஜன்னலோரம் நின்றேன். சத்தம் கேட்டது. முதலில் வெள்ளையாகத் தூள் பறந்தது. பிறகு அந்த வழவழப்பான முகம் விரிசல் விட்டது. ஒரு சதுரம் முழுதாகப் போகும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். நின்று பார்த்தேன்.

அவர் இரண்டாவது சதுரத்துக்கு நகர்ந்ததும் படியிறங்கி ஓடினேன். ஹெல்மெட் போடவில்லை. “நிறுத்துங்க!” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் கத்தினேன். கேட்கவில்லை. கடைசியில் அந்த இரண்டாவது சதுரத்தின்மேல் ஏறி நின்றேன். அவர் முகம் கறுத்து, வாயசைவில் ஏதோ திட்டினார்.

நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோதே அவர் பிரேக்கரை அணைத்துவிட்டார். அதனால் நான் சொன்னது கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

“தளம் சரியாத்தான் இருக்கு! நாந்தான் தாளக் கீழ எறக்கி ஒட்டிட்டேன்!”

நாற்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து மாதமாக அலுவலகத் தமிழ் பேசிக்கொண்டிருந்தவள், அங்கே நின்று எங்கள் ஊர்ப் பேச்சில் அழுதேன்.

சார் வந்தார். “என்ன சொல்ற நீ? எந்தத் தாளு?”

சொன்னேன். ஆயுத பூஜையன்று துடைக்கும்போது நாலாம் தாள் கழன்று வந்ததையும், பென்சில் குறியைப் பார்க்காமல் கண்மதிப்பில் ஒட்டியதையும், அது பதினான்கு மில்லி கீழே இறங்கியதால் கணக்கில் தளம் பதினான்கு மில்லி மேலே ஏறியதையும் சொன்னேன். நேற்று அதை ரகசியமாகத் தூக்கி ஒட்டியதைச் சொல்லும்போது குரல் எழும்பவில்லை. சார் அதை மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“எப்ப தெரியும் உனக்கு?”

“சனிக்கிழமையே தெரியும் சார்.” அதுவும் முழு உண்மை இல்லை. டியூபில் குமிழி என்று சொன்ன அன்றே உள்ளே ஏதோ இடித்தது.

ராயப்பன் பிரேக்கரைப் படுக்கவைத்துவிட்டு, உடைந்த சதுரத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூளைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.


அக்டோபர் 17, வெள்ளி

ரயில் உறுதியாகிவிட்டது என்று செய்தி வந்தது. ரத்து செய்தேன். சார் என்னோடு பேசுவதில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்: நாளைக்குள் இரும்பை நகர்த்தி, ஆறு டார்கெட்டும் வைத்து மறுஸ்கேன். இருபத்தேழாம் தேதி தலைமை அலுவலகத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும்.

முப்பத்தொன்றாம் தேதிவரை கூடப் போகாது என்று நினைக்கிறேன். பயமாக இருக்கிறது. ஆனால் மதியம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.


அக்டோபர் 18, சனி

ஆறு டார்கெட். ஒவ்வொன்றையும் பென்சில் குறியோடு ஒத்துப்பார்த்துவிட்டு ஸ்கேன் செய்தேன். பி பகுதி முழுக்கப் பச்சை. நாலாம் தூணின் அடியில் ஒரே ஒரு சதுரம் மட்டும் சிவப்பு. அது உடைந்த பள்ளம். அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ராயப்பனைப் பற்றிய மின்னஞ்சலையும் சார் திரும்பப் பெற்றார். இந்த முறை பெயரைச் சரியாக அடித்திருந்தார்.

சைட் காலியாகிக்கொண்டிருந்தது. ஆட்கள் பையும் பட்டாசுப் பெட்டியுமாக பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். ராயப்பனும் சட்டை மாற்றி, தோளில் பையோடு வந்தார். அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே, “மேடம், ஒரு நிமிசம் கீழ வாங்க” என்றார்.

நாலாம் தூணுக்குக் கூட்டிப்போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். தாளுக்குக் கீழே காய்ந்து கிடந்த குங்குமத்தைக் காட்டினார்.

“மத்த அஞ்சு தூண்லயும் தாளுக்கும் பொட்டுக்கும் நடுவுல ஒரு விரலு. இங்க மட்டும் ரெண்டு விரலு.”

பார்த்தேன். தாளைத் தூக்கி ஒட்டினேன், கீற்றை மறைத்தேன். இறங்கிய தாளுக்கு அளந்து வைத்த பொட்டை மறந்திருக்கிறேன்.

“எப்ப பாத்தீங்க?”

“வியாழக்கெழம காலைல. மெஷின எறக்கும்போதே.”

“பாத்துட்டுமா ஒடைச்சீங்க? ஏன் சொல்லல?”

“சொல்லி?” என்றார். “டியூபக் காட்டுனேன், குமிழின்னீங்க. மழத்தண்ணி நின்னுச்சு, ரெண்டு பேருந்தான் பாத்தோம், நீங்க வாயத் தொறக்கல. பொட்டு தள்ளி இருக்குன்னு நான் போய்ச் சொன்னா அந்த மனுசன் கேப்பாரா? செவப்புன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. இல்லைன்னும் நீங்கதான் சொல்லணும்.”

பொட்டைப் பார்த்தபடியே கேட்டேன். “நான் வராம இருந்திருந்தா?”

“பன்னெண்டு மீட்டரையும் ஒடைச்சிருப்பேன்.” பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “ஒவ்வொரு சதுரத்துக்கும் அந்த ஜன்னலத்தான் பாத்திருப்பேன். இந்தக் குழிய நான் வந்துதான் அடைக்கணும். வேற எவனையும் விட்டுராதீங்க.”

பஸ்ஸுக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை, கோபம் போகவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

மேலே வந்து சைட் பதிவேட்டை எடுத்து, அக்டோபர் ஒன்று பக்கத்தைத் திருப்பினேன். ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்பதை ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: ‘நாலாம் தாள் கழன்றது. குறி பார்க்காமல் ஒட்டியது நான். பதினான்கு மில்லி கீழே. இசக்கியம்மாள்.’

பொட்டைத் துடைக்கவில்லை.